பாலைவனம் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே குடியேறினால் என்ன?

பொங்கோல்வாசி:

மக்கள்தொகை பற்றிப் பேச்சு வந்தாலே "பூமி தாங்காது" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். சிங்கப்பூரின் பரப்பு 735 சதுர கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 2024 ஜூனில் இங்கே 6.04 மில்லியன் பேர். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 8,200 பேர். இதே நெருக்கத்தில் உலகத்தின் 8.2 பில்லியன் பேரையும் குடிவைத்தால் ஒரு மில்லியன் சதுர கிலோமீட்டர் போதும். எகிப்து ஒன்றே அவ்வளவு பெரியது. அந்த எகிப்திலோ ஏறக்குறைய 95 விழுக்காட்டு மக்கள் நைல் கரையையும் கழிமுகத்தையும் ஒட்டிய 5 விழுக்காட்டு நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். மீதி நிலம் சும்மா கிடக்கிறது.

ஆறும் இல்லாமல், நிலமும் இல்லாமல் ஒரு தீவில் நாம் புதுநீரையும் (சுத்திகரித்து மீட்ட கழிவுநீர்) கடல்நீர் ஆலையையும் வைத்துக்கொண்டு வாழவில்லையா? பாலைவனத்தை மட்டும் என்ன தடுக்கிறது? தத்துவம் வேண்டாம். லிட்டர், டன், வெள்ளி என்று பேசுங்கள்.

நீர்க்கணக்கு:

சரி, லிட்டரிலேயே பேசுவோம். முதலில் ஒரு திருத்தம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. ஜொகூரிலிருந்தும் தண்ணீர் வருகிறது. நம்மிடம் இல்லாதது மழைநீரைத் தேக்கி வைக்க இடம். பாலைவனத்தில் மழையே இல்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

அடுத்தது குடிக்கிற தண்ணீரும் சாப்பிடுகிற தண்ணீரும். இங்கே வீட்டில் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 140 லிட்டர் அளவு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 51 கன மீட்டர். ஆனால் அவர் சாப்பிடும் உணவை விளைவிக்க ஒரு நாளைக்கு 2,000 முதல் 5,000 லிட்டர் வேண்டும். நடுவில் 3,000 என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஆயிரம் கன மீட்டரைத் தாண்டுகிறது. வீட்டுக் குழாய்க்கு ஒரு பங்கு என்றால் சோற்றுக்கு இருபது பங்கு. நாம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். அந்த இருபது பங்கை நமக்காக வேறொரு நாட்டின் மழை கொடுக்கிறது. 735 சதுர கிலோமீட்டர் என்பது நாம் படுத்துத் தூங்கும் இடம். நமக்குச் சோறு விளையும் இடம் அந்தக் கணக்கிலேயே இல்லை.

இப்போது விலை. கோதுமைக்கு ஒரு பருவத்தில் 450 முதல் 650 மி.மீ. தண்ணீர் வேண்டும். ஒரு ஹெக்டேரில் ஒரு மி.மீ. என்பது 10 கன மீட்டர். 600 மி.மீ. என்றால் 6,000 கன மீட்டர். நல்ல விளைச்சலாக ஹெக்டேருக்கு 6 டன் எடுத்தாலும் ஒரு கிலோ கோதுமைக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் போகிறது. இன்று மிக மலிவான பெரிய கடல்நீர் ஆலைகள் கன மீட்டரை 30 முதல் 50 அமெரிக்கக் காசுக்குத் தருகின்றன. உலகச் சந்தையில் கோதுமை விலையோ கிலோவுக்கு 20 முதல் 30 காசு. விதை, உரம், கூலி எதுவும் சேர்க்காமல் தண்ணீர் மட்டுமே விளைபொருளின் விலையைத் தாண்டிவிட்டது.

சும்மா_சொல்றேன்:

நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணியை ஊத்தினா கிலோவுக்கு 3.24 வெள்ளி. அதுக்கு அப்புறம் மாவாட்டி, ரொட்டி தட்டி… தேக்காவுல புரோட்டா ஒண்ணு பத்து வெள்ளி ஆயிடும் போல 😄

நீர்க்கணக்கு:

அந்த 3.24-இல் நீர்ச் சேமிப்பு வரியும் கழிவுநீர்க் கட்டணமும் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் நீங்கள் சொல்வது பொதுவாகச் சரிதான்.

பொங்கோல்வாசி:

சவூதி அரேபியா கோதுமையை ஏற்றுமதியே செய்ததே? பாலைவனத்தில் வட்ட வட்டமாகப் பச்சை தெரியும் செயற்கைக்கோள் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அப்புறம் எப்படி "முடியாது" என்கிறீர்கள்?

உவர்மண்:

செய்தார்கள் தம்பி. 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 4 மில்லியன் டன் வரை எடுத்தார்கள். அந்தப் பச்சை வட்டம் மையச் சுழல் பாசனம்: நடுவில் ஆழ்துளைக் கிணறு, அதிலிருந்து 400 மீட்டர் நீளக் கை ஒன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டே தெளிக்கும். ஒரு வட்டம் 50 ஹெக்டேர். அந்தத் தண்ணீர் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஈரக் காலத்தில் பாறைக்குள் இறங்கியது. இன்றைய மழை அதை நிரப்பாது. எண்ணெய் எடுப்பது மாதிரித்தான், எடுத்தால் தீரும். அரசு உலக விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கியதால் ஓடிய தொழில் அது. 2008-இல் படிப்படியாக நிறுத்துவதாக முடிவெடுத்து 2016-இல் கொள்முதலை முடித்தார்கள்.

லிபியாவின் செயற்கைப் பேராறும் அதே வகைத் தண்ணீர்தான். 1984-இல் தொடங்கி, 4 மீட்டர் விட்டமுள்ள முன்தகைவுக் கான்கிரீட் குழாய்களில் தெற்குப் பாலையிலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் குழாயைச் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பியை மண்ணிலுள்ள குளோரைடு அரித்ததால் சில இடங்களில் குழாய் வெடித்தது. பாலை மண் காய்ந்து கிடக்கிறதே, துரு பிடிக்காது என்று நினைப்பார்கள். உப்பு மண்ணில் ஒரு கசிவு போதும்.

ஆனால் என்னைக் கேட்டால் தண்ணீர் கிடைப்பது பாதிப் பிரச்சினைதான். உப்பை எங்கே கொட்டுவது என்பதுதான் பெரிய பாதி. நல்ல பாசன நீர் என்று நாம் சொல்வதிலேயே லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்பு இருக்கலாம். உப்பு கூடினால் நீர் மின்சாரத்தைக் கடத்துவதும் கூடும் என்பதால் அதை மின்கடத்துதிறனில் அளப்பார்கள்; இது மீட்டருக்கு ஒரு டெசிசைமன். 6,000 கன மீட்டர் பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 3.8 டன் உப்பைக் கொண்டுவந்து இறக்குகிறீர்கள். பயிர் தண்ணீரை மட்டும் உறிஞ்சும். அடுப்பில் வைத்த ரசம் சுண்டச் சுண்டக் கரிப்பது போலத்தான் மண்ணும். மழை உள்ள ஊரில் ஒரு பருவமழை வந்து அலசிவிடும். பாலைவனத்தில் நாமே கூடுதலாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

எவ்வளவு கூடுதல் என்பதற்குச் சூத்திரம் உண்டு. பாசன நீரின் கடத்துதிறனை, (மண் தாங்கும் கடத்துதிறன் × 5 − பாசன நீரின் கடத்துதிறன்) என்பதால் வகுக்க வேண்டும். கோதுமை 6 வரை தாங்கும். நீர் 1 என்றால் 1/29, மூன்றரை விழுக்காடு, பரவாயில்லை. பீன்ஸ் 1 வரைதான் தாங்கும், அதற்கு 1/4. கிணற்று நீர் 3 ஆக இருந்து, 2.5 தாங்கும் தக்காளியைப் போட்டால் 3/9.5. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை வேருக்குக் கீழே வீணாக இறக்கியாக வேண்டும். சொட்டுநீர்ப் பாசனம் போட்டுத் தண்ணீரை மிச்சம் பிடித்தேன் என்று அலசாமல் விட்டவர்கள் நிலத்தில், சொட்டுவானைச் சுற்றி ஈரம் முடிகிற இடத்தில் வெள்ளை வளையம் கட்டும். அபூர்வமாக ஒரு தூறல் வந்தால் அந்த உப்பு கரைந்து நேரே வேருக்குள் போகும். அதனால் தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். புதியவர்கள் மழை வந்ததே என்று வால்வை மூடுவார்கள்.

பொங்கோல்வாசி:

சரி அக்கா, அலசிய தண்ணீர் கீழே போகட்டும். கீழே மணல்தானே, நூறு மீட்டர் ஆழம் இருக்கும்?

தார்க்காற்று:

அந்த நினைப்பில்தான் ராஜஸ்தான் மாட்டிக்கொண்டது. இந்திரா காந்தி கால்வாய் வேலை 1958-இல் தொடங்கியது. பஞ்சாபில் ஹரிகே அணையிலிருந்து 204 கி.மீ. ஊட்டுக் கால்வாய், பிறகு 445 கி.மீ. முதன்மைக் கால்வாய். குடியேறியவர்களுக்கு 25 பீகா, அதாவது ஏறக்குறைய 6.3 ஹெக்டேர் கொண்ட ஒரு துண்டு. மேலே பார்த்தால் மணல். சில மீட்டர் தோண்டினால் களிமண்ணும் ஜிப்சமும் இறுகிய கடினப் படுகை பல இடங்களில் குறுக்கே கிடக்கிறது. இறங்கிய தண்ணீர் அதன் மேல் தங்கிவிட்டது. முதல் கட்டப் பகுதியில் ஆயிரம் ஏக்கருக்கு நொடிக்கு 5.23 கன அடி என்று தாராளமாகக் கொடுத்தார்கள். தண்ணீர் இருக்கிற மகிழ்ச்சியில் பருத்தி, நெல் வரை போட்டார்கள். நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குக் கிட்ட ஏறியது. ஹனுமான்கர், சூரத்கர் பக்கம் வயல் குட்டையானது, வீட்டுச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது, கொசு பெருகி மலேரியா வந்தது. இரண்டாம் கட்டத்தில் அளவை 3 கன அடியாகக் குறைத்தார்கள். தைல மரத்தை வரிசையாக நட்டு வேரால் தண்ணீரை உறிஞ்சவைத்தார்கள். கால்வாய் ஓரத்தில் அது ஓரளவு வேலை செய்தது. ஆனால் மரம் தண்ணீரைத்தான் எடுக்கும், உப்பை அங்கேயே விட்டுவிடும்.

இன்னொன்று. "காலி நிலம்" என்கிறீர்கள். தார்ப் பாலை உலகிலேயே மக்கள் நெருக்கம் அதிகமான பாலை. ஆடு, ஒட்டகம் மேய்ப்பவர்களுக்கு அந்த நிலம் மழை பெய்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் மேய்ச்சல் காடு. கால்வாய் வந்ததும் அதைத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் வீடு இல்லை என்பதற்காக ஆள் இல்லை என்று எழுதுவது கணக்குப் பிள்ளையின் சௌகரியம், வேறொன்றுமில்லை.

உவர்மண்:

தார்க்காற்று சொன்னதோடு ஒன்று. நீர்மட்டம் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டால் நுண்துளை வழியே தானாக மேலேறி ஆவியாகும். அதற்கு மேல் எவ்வளவு அலசினாலும் பயனில்லை. அதனால் கால்வாய்க்கு முன்பே வடிகால். தரைக்குக் கீழே 1.5 முதல் 2 மீட்டர் ஆழத்தில், துளையிட்ட நெளிவுக் குழாய், 80 அல்லது 100 மி.மீ. விட்டம், 30 முதல் 60 மீட்டர் இடைவெளி, சுற்றிச் சரளையோ செயற்கை நார் உறையோ. அது சேர்ப்புக் குழாயில் விழும், அங்கிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து பம்பு.

கெடுவது இப்படி: மணல் ஈரமாக ஓடுகிற இடத்தில் பதித்தால் ஒரு முனை அமிழ்ந்து சரிவு தலைகீழாகும், உறை மலிவாக இருந்தால் நுண்மணல் உள்ளே புகுந்து அடைக்கும், கடைசியில், பம்புக்கு யார் மின்கட்டணம் கட்டுவது என்று சண்டை வந்து அது நின்றுவிடும். நான்காவது ஒன்றும் உண்டு. பம்பு எல்லாவற்றையும் வெளியே தள்ளியது, சரி, எங்கே? கலிஃபோர்னியாவில் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்துக்கு வயல் வடிகாலை விட்டார்கள். மண்ணிலிருந்த செலீனியம் அங்கே சேர்ந்து, 1983-இல் பறவைக் குஞ்சுகள் உருக்குலைந்து பொரிப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

பொங்கோல்வாசி:

தானியத்தை நான் விட்டுவிடுகிறேன், வாங்கிக்கொள்ளலாம். நான் கேட்பது மனிதர் வாழும் நகரம். அதற்குத் தண்ணீர் செலவு பெரிதில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் சகாராவின் நடுவில் நம் தெம்பனிஸ் போல ஒரு குடியிருப்பு நகரம் கட்டலாம் அல்லவா?

நீர்க்கணக்கு:

நடுவில் என்று சொல்லாமல் கரையில் என்று சொல்லுங்கள், பேசலாம். ஒரு கன மீட்டரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 0.27 கிலோவாட்-மணி வேண்டும். பம்பின் திறனையும் சேர்த்தால் 0.35. ரியாத் கடலிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்துக்கே 2 கிலோவாட்-மணிக்கு மேல் போகும், குழாய் உராய்வு தனி. கடல்நீரை ஆர்ஓ சவ்வில் தள்ளிச் சுத்திகரிக்க ஆவதே 3.5 தான். எண்ணெய்ப் பணம் உள்ள தலைநகரம் அதைக் கட்டும். ஏழை நாடு தன் பெருகும் மக்களை அங்கே அனுப்பினால் யார் கட்டுவது?

உள்நாட்டில் உவர்க் கிணறு இருக்கிறது, அதைச் சுத்திகரிக்கலாம் என்பார்கள். நாளைக்கு 1,000 கன மீட்டர் எடுத்து 75 விழுக்காடு மீட்டால் 250 கன மீட்டர் செறிந்த உப்புநீர் மிஞ்சும். கடல் இல்லை, ஆவியாக்கும் குளம்தான் வழி. நன்னீர் ஆண்டுக்கு 2 மீட்டர் ஆவியாகிற இடத்தில் செறிந்த உப்புநீர் 1.4 மீட்டர்தான் ஆவியாகும். 91,000 கன மீட்டருக்கு ஆறரை ஹெக்டேர் குளம், அடியில் ஒன்றரை மி.மீ. கனத்தில் பாலிஎத்திலீன் விரிப்பு. ஐயாயிரம் பேர் கொண்ட ஓர் ஊருக்கு மட்டும் ஒன்பது கால்பந்துத் திடல் அளவு உப்புக் குளம். விரிப்பின் ஒட்டு ஒன்று விட்டால் நீங்கள் நீர் எடுக்கும் கிணற்றுக்கே உப்பு திரும்பும்.

கடல்நீரைச் சுத்திகரித்துப் பயிருக்கு விடுவதிலும் ஒரு வம்பு. கடல்நீரில் லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் போல போரான் இருக்கும். உப்பைத் தடுக்கிற சவ்வு போரானை ஓரளவு விட்டுவிடும். எலுமிச்சை வகைக்கு 0.5 தாண்டினாலே இலை நுனி கருகும். இஸ்ரேலில் அஷ்கெலோன் ஆலை 2005-இல் ஓடத் தொடங்கிய பிறகு மக்னீசியம் இல்லாத தண்ணீர் வயலுக்குப் போய்ப் பயிரில் குறைபாடு தெரிந்தது. போரானுக்கு மருந்து இரண்டாம் சுற்று: பிஎச் அளவைப் பத்துக்குக் கிட்ட உயர்த்தி மறுபடி சவ்வில் விட வேண்டும். பிறகு சுண்ணாம்புக்கல் படுகை வழியே விட்டுக் கால்சியத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நம் கணக்கில் இதற்கெல்லாம் விலை உண்டு.

நகர்வரை:

தண்ணீர் ஆட்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நகரத்தை யாரும் கட்டவில்லையே. பாலைவனப் புதுநகரம் முதலில் நொண்டுவது பாதி காலியாக இருக்கிற ஆண்டுகளில்தான்.

5 லட்சம் பேருக்குக் குழாய் பதித்துவிட்டு முதல் ஐந்து ஆண்டில் 30,000 பேர் வந்தால் என்ன ஆகும்? பெரிய குடிநீர்க் குழாயில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். மண் சூட்டில் அது 35, 40 பாகைக்குப் போகும், குளோரின் காணாமல் போகும், கடைசி வீட்டுக்காரர் நாற்றம் அடிக்கிறது என்பார். மருந்து, குழாய் முனையைத் திறந்து விட்டு ஓடவைப்பது. அதாவது காசு கொடுத்து உப்பெடுத்த தண்ணீரை மணலில் கொட்டுவது.

கழிவுநீர்க் குழாய் அதைவிட மோசம். உள்ளே போவது தானாக அடித்துச் செல்ல நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். ஓட்டம் குறைந்தால் மலம் தங்கும், சூட்டில் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது குழாயின் மேல் வளைவில் கந்தக அமிலமாகிக் கான்கிரீட்டைத் தின்னும். நிலத்தடி நீரில் சல்பேட் அதிகமுள்ள ஊரில் இது இரட்டிப்பு. ஆகவே முதன்மைக் குழாய்க்குக் கான்கிரீட் வேண்டாம்; கண்ணாடி இழைக் குழாய், இல்லையென்றால் பாலிஎத்திலீன். ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டாமல் 20,000 பேருக்கு ஒன்று எனத் துண்டு துண்டாகக் கட்ட வேண்டும். ஒரு பேட்டை நிரம்பாமல் அடுத்த பேட்டையில் ஒரு கடப்பாரை கூட இறங்கக்கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இங்கே பேட்டை பேட்டையாக, பள்ளி, பேருந்து, கடை எல்லாம் ஏறக்குறைய கூடவே வருமாறு கட்டியது. பாலைவனத்தில் முதலில் எட்டு வழிச் சாலையும் நீரூற்றும் கட்டுகிறார்கள்.

மண்ணைப் பற்றி ஒரு வரி: ஜிப்சம் கலந்த மண் காய்ந்திருக்கும்வரை பாறை. ஒரு குழாய் கசிந்து ஈரமானால் கரைந்து அமிழும், கட்டடம் ஒரு மூலையில் இறங்கும். அடித்தளத்துக்குச் சல்பேட் தாங்கும் சிமெண்ட். காற்று உருட்டிய பாலை மணல் ரொம்ப நைஸ், உருண்டை. கான்கிரீட்டுக்கு அப்படியே உதவாது. சஹாராவில் மணல் வாங்கிக் கட்ட வேண்டும் என்றால் இங்கே சிரிப்பார்கள், ஆனால் நிலை அதுதான்.

வெள்ளம் என்றால் இங்கே யாரும் பாலைவனத்தை நினைப்பதில்லை. ஜித்தாவில் 2009 நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் இறந்தார்கள். 2024 ஏப்ரலில் ஐக்கிய அமீரகத்தில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மி.மீ. மழை கொட்டியது. தட்டையாகவும் வசதியாகவும் தெரியும் நிலம் பெரும்பாலும் காட்டாற்றின் படுகைதான். மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு அந்த நிலம்தான் முதலில் கண்ணில் படும்.

சும்மா_சொல்றேன்:

வெயிலுக்கு என்ன பண்றது? அதை யாரும் சொல்லலையே.

நகர்வரை:

உண்மையில் வெயில் சுலபமான பகுதி. உள்நாட்டுப் பாலைக் காற்று காய்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 0.68 கிலோவாட்-மணி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஈரத்திரைக் குளிரூட்டி போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது வேலை செய்யாது. வளைகுடாக் கரையிலும் அப்படித்தான், அங்கே ஏசிதான். குறுகிய தெரு, தடித்த சுவர், இரவில் சன்னல் திறப்பு. ஆஸ்திரேலியாவின் கூபர் பெடியில் பாறைக்குள் குடைந்த வீடுகளில் ஆண்டு முழுக்க 25 பாகையை ஒட்டியே இருக்கிறது. மணல் நகர்வதற்குச் சீனாவில் நல்ல வைத்தியம் இருக்கிறது. பாவ்தோ–லான்ஜோ ரயில் பாதை 1958-இல் தெங்கர் மணற்குன்றுகளைக் கடந்தபோது, வைக்கோலை மண்வெட்டியால் மணலில் குத்தி, 10 முதல் 20 செ.மீ. வெளியே தெரியுமாறு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டமாகப் போட்டார்கள். வைக்கோல் நாலைந்து ஆண்டில் மக்கும். அதற்குள் கட்டத்தின் நடுவே புதர் வேர் பிடித்திருக்க வேண்டும். நெருக்கி நட்டால் ஆழத்து ஈரம் தீர்ந்து எல்லாம் சேர்ந்து காயும்.

தார்க்காற்று:

ஆட்கள் போவார்களா என்ற கேள்வியும் இருக்கிறது. எகிப்து தோஷ்காவில் 1997-இல் தொடங்கி, நாசர் ஏரியிலிருந்து தண்ணீரை இறைத்து 5.4 லட்சம் ஃபெதான் (ஒரு ஃபெதான் ஏறக்குறைய ஓர் ஏக்கர்) பயிராக்குவதாகத் திட்டம் போட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் சிறு பங்குதான் பச்சையானது. 1959 ஒப்பந்தப்படி எகிப்தின் நைல் பங்கு 55.5 பில்லியன் கன மீட்டர், அது ஏறவே இல்லை. மக்கள் 2020 பிப்ரவரியில் 100 மில்லியன், 2023 நடுவில் 105. தலைக்கு 530 கன மீட்டர் கூட இல்லை. கெய்ரோவுக்குக் கிழக்கே கட்டும் புதுத் தலைநகரம் 6.5 மில்லியன் பேருக்கென்று திட்டமிட்டது. முழுவதும் நிரம்பினாலும் நான்கு ஆண்டு மக்கள்தொகைப் பெருக்கம்தான் அதில் அடங்கும்.

நமக்குப் பக்கத்திலேயே பாடம் உண்டு. மலேசியாவின் ஃபெல்டா (அரசின் நிலக் குடியேற்ற அமைப்பு) 1956-இல் தொடங்கி ஒரு குடும்பத்துக்கு 10 ஏக்கர் அளவில் ரப்பரோ செம்பனையோ கொடுத்தது. அது மழைக்காடு, தண்ணீர்ப் பஞ்சமே இல்லை. அப்படியும் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பலர் படித்துவிட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். நிலத்தைப் பிரிக்க முடியாது, அப்பாவுக்குப் போதுமானது மூன்று பிள்ளைகளுக்குப் போதாது.

பொங்கோல்வாசி:

எல்லாம் கேட்டபிறகும் என் கேள்வியின் ஒரு பாதி நிற்கிறது: கடற்கரைப் பாலை, தானியம் இறக்குமதி, ஒரு லட்சம் பேர். நமீபியா, மொரித்தானியா, மேற்கு ஆஸ்திரேலியா என்று நீளமான கரை கிடக்கிறது. இதற்காவது ஒரு பொருள்பட்டியல் கொடுங்கள்.

நீர்க்கணக்கு:

தருகிறேன். தலைக்கு 150 லிட்டர் என்றால் நாளைக்கு 15,000 கன மீட்டர். பத்து விழுக்காடு கசிவு சேர்த்து 16,500. இதற்கு 42 விழுக்காடு மீட்பில் 39,000 கன மீட்டர் கடல்நீரை உறிஞ்ச வேண்டும், 22,800 உப்புநீரைத் திரும்ப விட வேண்டும். வெளிவிடும் குழாய் உறிஞ்சும் வாயிலிருந்து நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம், பல துளை முனைகளோடு. மின்சாரம் 58 மெகாவாட்-மணி. முழு வெயில் ஐந்தரை மணி என்று வைத்தால் பத்தரை மெகாவாட் சூரியத் தகடு, பதினான்கு ஹெக்டேர் இடம். தூசு படிந்தால் உற்பத்தி விழும், தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர் தூரிகையால் துடைக்கும் இயந்திரம் வையுங்கள்.

உவர்மண்:

பயிர்ப் பக்கம் நான் சேர்க்கிறேன். வீட்டுத் தண்ணீரில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும், ஆண்டுக்கு 4.4 மில்லியன் கன மீட்டர். பத்தில் ஒன்பது பங்கை மீட்டால் 3.9 மில்லியன். சொட்டுநீரில் ஹெக்டேருக்கு 8,000 என்று 490 ஹெக்டேர் காய்கறி. ஹெக்டேருக்கு 60 டன் வீதம் 29,000 டன், தின்றது போக விற்கவும் மிஞ்சும். தானியத்துக்கு ஆளுக்கு 150 கிலோ என்றால் 15,000 டன், ஒரு நடுத்தரச் சரக்குக் கப்பலில் பாதி. மறக்க வேண்டாம், வீட்டில் புழங்கும்போதே லிட்டருக்கு இருநூறு, முந்நூறு மில்லிகிராம் உப்பு தண்ணீரில் கூடிவிடும். லிட்டருக்கு அரை கிராம் என்று எடுத்தாலும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 டன். மேலே சொன்ன வடிகால் இங்கேயும் வேண்டும், கடல் பக்கத்தில் இருப்பதால் வெளியேற்ற இடம் மட்டும் கிடைக்கிறது. இடம் பார்க்கப் போகும்போது வயல் வரப்போகும் இடத்தில் 3 மீட்டர் குழி வெட்டி, அரை மீட்டருக்கு ஒரு மண் மாதிரி எடுத்து, கடினப் படுகை, ஜிப்சம், கடத்துதிறன் மூன்றையும் பாருங்கள். 200 மீட்டருக்கு ஒரு குழி. ஒரே குழியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நகர்வரை:

கடல்நீர் ஆலை நின்றால்? ஒரே மூலத்தை நம்பிய நகரத்துக்கு அதுதானே முதல் கேள்வி.

நீர்க்கணக்கு:

நிற்கும். 2008–09-இல் வளைகுடாவில் செந்நிறப் பாசி பெருகி அமீரகம், ஓமான் பக்கம் ஆலைகளை மூடவைத்தது. பாசி சவ்வுக்கு முந்திய வடிகட்டியை அடைக்கும், அதன் பசை சவ்வில் ஒட்டும். முன்சுத்திகரிப்பில் காற்றுக் குமிழியால் மிதக்கவைத்து வழித்தெடுக்கும் தொட்டி ஒன்றை முதலிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு இடம் தேடினால் கிடைக்காது. சேமிப்புக்கு அபுதாபி செய்தது நல்ல முறை: லிவாவில் மணலுக்கடியில் 26 மில்லியன் கன மீட்டர் சுத்திகரித்த நீரை இறக்கி வைத்து 2018-இல் முடித்தார்கள். ஆவியாகாது, வேண்டும்போது கிணற்றில் எடுக்கலாம். உங்கள் கரையில் அப்படி நன்னீர் தங்கும் மணல் படுகை இல்லையென்றால் தொட்டிதான். ஏழு நாளைக்கு 1.15 லட்சம் கன மீட்டர், 30,000 கொள்ளளவில் நான்கு, மூடியோடு. நான்கையும் ஒரே குழாயில் இணைக்காதீர்கள்; ஒன்றைக் கழுவும்போது மற்ற மூன்றும் ஓட வேண்டும்.